சார் இருக்காரா?

காஞ்சிபுரத்தில் என் அப்பா வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடவந்த பையன் புதுசு. வாசல்படியில் சிலிண்டரை ணங்கென்று இறக்கியிருக்கிறான். உள்ளேயிருந்து அப்பா, "மெதுவா வைப்பா, சார் தூங்கறாரு" என்று அதட்டியிருக்கிறார்.

பையன் பயந்துவிட்டான். ஏதோ கலெக்டர் ஆபீஸ் ஆள் குடியிருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டு, "சாரை எழுப்பாதீங்க ஐயா, நீங்களே நம்பர் சொல்லிடுங்க" என்று குசுகுசுத்திருக்கிறான். அதற்குள் சார் எழுந்துவிட்டார். சோம்பல் முறித்தார். வெளியே வந்தார். பையனின் கால் கட்டைவிரலை நக்கினார்.

சாருக்கு உயரம் ஒரு அடி. எடை எட்டரைக் கிலோ. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுக்கள், தோள் வரை தொங்குகிற காது, எந்நேரமும் 'என்னை யாருமே கவனிக்கறதில்லை' என்று சொல்கிற இரண்டு பெரிய கண்கள். ஜாதி: கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். என் பெண் வைத்த பெயர் சார்லி. அப்பாவின் வாயில் அது ஒரு வாரத்தில் 'சார்' ஆகிவிட்டது. அவர் மேல் குற்றமில்லை. முப்பத்தெட்டு வருஷம் பட்டு ஜவுளிக் கடைகளில் கணக்கு எழுதியவர். முதலாளி சார், ஆடிட்டர் சார், சேல்ஸ் டாக்ஸ் சார் என்று எல்லாரையும் சார் போட்டே பழகிய நாக்கு. ரிட்டையரான பிறகு கூப்பிட ஒரு சார் இல்லாமல் தவித்திருக்கும்.

இந்த சார் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதில் என் யோக்கியதையும் கொஞ்சம் வெளிப்படும். பரவாயில்லை.

*

2018ல் அம்மா போய்விட்டாள். பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டில் அப்பா மட்டும். "மெட்ராஸுக்கு வந்துடுங்கப்பா" என்றேன். "அங்க வந்து உன் பிளாட் பால்கனியில துணி காயறதைப் பார்த்துட்டு உக்காரச் சொல்றியா?" என்றார். அவருக்கு விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்கவேண்டும். சாயங்காலம் கச்சபேஸ்வரர் கோயில் வரை ஒரு நடை. இதெல்லாம் என் அப்பார்ட்மென்ட்டில் கிடைக்காது.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். ஆரம்பத்தில் வாரா வாரம் போனேன். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம் மாசம் ஒருமுறை. நான் பி.காம். இதற்குக் கணக்கியலில் 'குறைந்து செல் மதிப்பு முறைத் தேய்மானம்' என்று பெயர். வருஷா வருஷம் குறையுமே தவிர, பூஜ்யமாகாது. அதுதான் அதன் சூழ்ச்சி. மகன் போகவேயில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குற்ற உணர்ச்சி உள்ளவன் கடைக்குப் போவான். நானும் போனேன். அப்பாவுக்கு முதலில் பெரிய டிவி. அப்புறம் ஸ்மார்ட்போன். இரண்டையும் அவர் துணி போட்டு மூடிவைத்தார். அப்போதுதான் ஒரு நாய் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

எந்த நாய்? நம் ஊரில் நாய்க்கும் சீசன் உண்டு. நான் சின்னவனாக இருந்தபோது வசதியான வீடு என்றால் கேட்டில் ஒரு பொமரேனியன் கத்தவேண்டும். 2003ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் பையன் பின்னாலேயே ஓடியது. அதோடு சந்துக்குச் சந்து பக் மூச்சு வாங்கியது. அப்புறம் லாப்ரடார். நம்ம ராஜபாளையத்தையும் யோசித்தேன். அது வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தது. ஓட இடம் வேண்டும். எழுபத்து நாலு வயசுக்காரரைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு வேகவதி ஆற்றைத் தாண்டிவிடும்.

வேண்டியது சின்ன நாய். கடிக்கக்கூடாது. கத்தக்கூடாது. மடியில் படுக்கவேண்டும். ஒரு ராத்திரி என் பெண் லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். முன்னே சொன்ன அதே கண்கள். கீழே எழுதியிருந்தது: 'இந்த இனம் துணைக்காகவே உருவாக்கப்பட்டது.'

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கேவலியர்ப்பா."

"கேவலமா?"

"கேவலியர். கேவலியர் கிங் சார்லஸ்."

"நம்ம சிவாஜிக்குக் குடுத்தாங்களே, அதுவா?"

சிரித்தேன். அப்புறம் அகராதியைப் பார்த்தால் அப்பா சொன்னது சரி. சிவாஜிக்கு 1995ல் பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்த செவாலியேவும் இந்தக் கேவலியரும் ஒரே வேர். குதிரைவீரன் என்று அர்த்தம்.

*

அந்த கிங் சார்லஸ் யாரென்று ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதையின் வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தை 1660லிருந்து 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்லஸ் ஒரு நாய்ப் பைத்தியம். அரண்மனை பூராவும் குட்டி ஸ்பானியல்கள். கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்பிஸ், ஆலோசனைக் கூட்டத்தில்கூட ராஜா வேலையைப் பார்க்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று டைரியில் எழுதிவைத்துப் புலம்பியிருக்கிறார். விக்டோரியா மகாராணி சின்ன வயசில் 'டேஷ்' என்று ஒன்று வளர்த்தார். 1838ல் முடிசூட்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு அதைக் குளிப்பாட்டினாராம்.

அதற்கப்புறம் தட்டை மூக்கு மோஸ்தர் வந்தது. சப்பை மூக்குள்ள நாய்களோடு சேர்த்துச் சேர்த்து, ராஜா காலத்து நீள மூக்கு காணாமலே போய்விட்டது. 1926ல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்கிற அமெரிக்கர் இங்கிலாந்துக்கு வந்து, "பழைய ஓவியங்களில் இருக்கிற மாதிரி நீள மூக்கு நாயைக் கொண்டுவாருங்கள், இருபத்தைந்து பவுண்ட் பரிசு" என்று க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். 1928ல் 'ஆன்ஸ் சன்' என்ற நாய் தேறியது. அதை மாதிரியாக வைத்து கிளப் தொடங்கினார்கள். 1945ல் தனி இனம் என்று அங்கீகாரமும் கிடைத்தது.

நம் ஊரில் பாட்டி கட்டிய புடவையின் பழைய டிசைனைத் தேடிப்பிடித்துத் திரும்ப நெய்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் புடவைக்கு நூல் கடையில் கிடைக்கும். நாய்க்கு நாயிலிருந்துதான் எடுக்கவேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களிலிருந்து ஓர் இனத்தையே பெருக்கினார்கள். சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூக்கு திரும்பி வந்தது. கூடவே ஒரு பலவீனமான இதயமும் பரம்பரைச் சொத்தாக வந்தது.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? வாங்கின பிறகு.

*

2019 பிப்ரவரியில் பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினேன். விலையைச் சொல்லமாட்டேன். அப்பா இதைப் படிப்பார். அவரிடம் நான் சொல்லியிருப்பது அதில் நாலில் ஒரு பங்கு.

நான் அந்த மனிதரிடம் கேட்ட கேள்விகள்: என்ன கலர்? சர்டிபிகேட் உண்டா? கூடை இலவசமா?

கேட்டிருக்கவேண்டியவை வேறு. குட்டியின் அப்பா அம்மாவை நேரில் பார்க்கலாமா? அவற்றுக்கு என்ன வயசு? இதயத்தை டாக்டர் பரிசோதித்த காகிதம் எங்கே? இந்த இனத்தை ஒழுங்காக வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாய்க்கு இரண்டரை வயசாகி, அப்போதும் இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இல்லாமல் இருந்து, அதன் பெற்றோருக்கும் ஐந்து வயசு வரை அந்தச் சத்தம் வராமல் இருந்தால்தான் குட்டி போடவிடவேண்டும். என்னிடம் விற்றவர் காட்டிய தாய்க்கு ஒன்றரை வயசுகூட இருக்காது. "ஹார்ட்டெல்லாம் சூப்பர் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போனால் சரிகையை உரசிப் பார்த்து, வெள்ளி எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பம் நாங்கள். பத்து வருஷம் கூடவே இருக்கப்போகிற உயிரை, கண் அழகாக இருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் வாங்கிவிட்டேன்.

நாய் வளர்ப்பு விற்பனைக்கு 2017லேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. பதிவு எண் கேட்கவேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. வர்த்தக நிருபராக வேலையை ஆரம்பித்தவன் நான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

*

அப்பா முதல் நாள் அதைத் தொடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். "இது என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணாதுப்பா. கூடவே இருக்கும்."

"அவ்வளவுதானா?"

இரண்டாம் நாள் ராத்திரி அது அழுதது. மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது அப்பாவின் காலடியில் சுருண்டு படுத்திருந்தது. கட்டிலில். அம்மா இருந்தவரை எங்களையே ஈரக் காலோடு ஏறவிடாத கட்டில்.

அப்புறம் வரிசையாகப் பாடங்கள். நான் சென்னையில் இருந்தபடி இன்டர்நெட்டில் படித்துப் போனில் சொல்ல, அப்பா தன் வழியில் அமல்படுத்தினார்.

முதல் பாடம் சாப்பாடு. எங்கள் வீடு சைவம். கால்நடை டாக்டர் முட்டையும் கோழியும் கொடுக்கலாம் என்றார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு கொல்லையில் தனியாக ஒரு ஸ்டவ், தனியாக ஒரு பாத்திரம் வைத்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு முட்டை வேகவைத்தார். "உன் அம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நம் சாம்பார் சாதம் நாய்க்கு ஆகாது என்பது எனக்கே புதுச் செய்தி. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். சின்ன வெங்காயமும் சேர்த்திதான். திராட்சை, சாக்லெட் இரண்டும் விஷம். கோயில் இட்லியை சார் ஏக்கத்தோடு பார்ப்பார். மிளகும் நெய்யும் வேண்டாம் என்று அப்பா மறைத்துவைத்துச் சாப்பிடுவார்.

அடுத்து காது. தொங்குகிற காதுக்குள் காற்று போகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கிச் சீழ் பிடித்துவிடும். வாரம் ஒருநாள் அதற்கான திரவம் போட்டுப் பஞ்சால் துடைக்கவேண்டும். சாப்பிடும்போது காது தட்டில் விழும். அப்பா பரணிலிருந்து வாய் குறுகலான ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கினார். மூஞ்சி உள்ளே, காது வெளியே. வெளிநாட்டில் இதற்கென்றே ஸ்பெஷலாகக் கிண்ணம் செய்து விற்கிறார்கள் என்றேன். "அவங்களுக்குப் பரண் இல்லை" என்றார்.

மூன்றாவது பாடம் வெயில். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கவேண்டும். கத்திரி வெயிலில் காஞ்சிபுரத்துத் தார் ரோடு தோசைக்கல். அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு நடை, ராத்திரி ஏழுக்கு மேல் ஒரு நடை. கிளம்புமுன் அப்பா புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். கை பொறுத்தால் கால் பொறுக்கும். வந்ததும் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் உண்ணி தேடுவார். உண்ணிக் காய்ச்சல் வந்தால் இந்த மாதிரிச் சின்ன நாய் நாலு நாளில் துவண்டுவிடும்.

நாலாவதை எந்த நாய்ப் புத்தகமும் முதல் பக்கத்தில் போடவில்லை. நெசவாளர் தெருவில் நாய் வளர்ப்பவருக்கு அதுதான் முதல் பாடம். நூல். பக்கத்து வீட்டில் இன்னும் குழித்தறி இருக்கிறது. தறிக்காரர் அப்பாவைக் 'கணக்கரய்யா' என்பார். சார் குட்டியாக இருந்தபோது அங்கே போய்த் தறிக்குழிக்குள் இறங்கி அவர் காலடியில் தூங்கும். ஒருநாள் தரையில் கிடந்த தாரை வாயில் கவ்விக்கொண்டது. பட்டு நூல் அவிழ அவிழ விழுங்கியிருக்கிறது. வாயோரம் சிவப்பாக நுனி தொங்குவதைப் பார்த்துத் தறிக்காரர் பதறிப்போய் இழுக்கப் போனார். அப்பா கையைத் தட்டிவிட்டார். நான் என்றைக்கோ போனில் சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது. நூலை விழுங்கிய நாயிடமிருந்து நுனியைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே குடல் சுருங்கி மடிந்து அறுபட்டுவிடும். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினார்கள். நல்லவேளை, அதிகம் உள்ளே போகவில்லை. பிழைத்தது. அன்றையிலிருந்து அந்த வீட்டில் தார்க்கூடை பரணில். தறிக்காரர் மனைவி சொன்னாராம்: "எங்க பையன் தவழ்ந்தப்பகூட இவ்வளவு உஷாரா இருந்ததில்ல."

அந்த வருஷம் ஜூலையில் அத்திவரதர் எழுந்தருளினார். நாற்பத்தெட்டு நாள். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெருமாளைப் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம். உறவுக்காரர்கள் யார் யாரோ வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். எல்லார் மடியிலும் சார் ஏறி உட்கார்ந்தார். குரைக்கவே இல்லை. "இது காவலுக்கு ஆகாதுப்பா, திருடன் வந்தா டார்ச் பிடிச்சுக் காட்டும்" என்றார் பெரியப்பா. உண்மை. காவல் வேண்டுமென்றால் இந்த நாய் வேண்டாம்.

அடுத்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு. இரண்டரை மாசம் நான் காஞ்சிபுரம் போகமுடியவில்லை. பக்கத்து வீட்டுத் தறியும் நின்றுவிட்டது. சத்தமேயில்லாத அந்தத் தெருவில் அப்பா யாரோடு பேசினார் என்று எனக்குத் தெரியும். போனில் பின்னணியில் கேட்கும்: "சார், செய்தி பார்த்தீங்களா சார்? இன்னிக்கும் ஏறிடுச்சு சார்."

அந்த இரண்டரை மாசக் காரியத்துக்கே கொடுத்த பணம் செரித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு அதோடு முடியவில்லை.

*

2023 அக்டோபர். வருஷாந்திர ரேபீஸ் ஊசிக்காக அரசு கால்நடை மருத்துவமனைக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். பெரும்பாலும் மாடு பார்க்கிற டாக்டர். ஊசி போடுமுன் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார்.

"மர்மர் இருக்கு. லேசா."

இதயத்தின் இடப்பக்கம் மைட்ரல் என்று ஒரு வால்வு. ரத்தம் திரும்பி வராமல் மூடுகிற கதவு. இந்த இனத்தில் அந்தக் கதவு சீக்கிரமே தடித்துச் சரியாக மூடாமல் போய்விடுகிறது. கசிகிற ரத்தத்தின் சத்தம்தான் மர்மர். எல்லா நாய்க்கும் வயசானால் வரக்கூடியதுதான். கேவலியருக்கு ஐந்து வயசிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துவிடும். பத்து வயசு தாண்டினால் தப்பித்தது ரொம்பக் குறைவு. சாருக்கு அப்போது ஐந்து முடியவில்லை.

அதே மாசம் நார்வே உச்சநீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. அந்த நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்கு. கேவலியர் இனத்தை இப்படியே தனக்குள் பெருக்கிக்கொண்டு போவது விலங்குகள் நலச் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் இருப்பதை வளர்க்கத் தடையில்லை. புதிதாக உண்டாக்காதே என்பதுதான் தீர்ப்பு. இதயம் மட்டுமில்லை, மண்டையோடும் ஒரு காரணம். மூளைக்குப் போதுமான இடமில்லாத சின்ன மண்டை. அதனால் சில நாய்களுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் நீர் கோத்துக்கொண்டு தாங்கமுடியாத வலி வரும். நடந்துகொண்டே காற்றில் தோளைச் சொறிகிற மாதிரிக் காலை ஆட்டும். பார்க்கிறவர்கள் வேடிக்கையாக வீடியோ எடுப்பார்கள். சாருக்கு அந்த வியாதி இல்லை. அதற்கு நன்றி.

அந்தச் செய்தியை ஆபீஸில் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான். துணைக்கென்றே ஒரு பிராணியை உண்டாக்கி, அது கூடவே இருக்கமுடியாதபடி ஒரு இதயத்தையும் வைத்தது யார்? ராஜாவா, அமெரிக்கக்காரரா, பெங்களூர்க்காரரா? கடைசியில் காசு கொடுத்தவன் நான்தானே.

*

வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903ல் தொடங்கியது. அங்கே கொண்டுபோய் எக்கோ எடுத்தோம். மனிதருக்கு எடுக்கிற அதே எக்கோதான். சார் மேஜையில் சாதுவாகப் படுத்திருந்தார். திரையில் அந்தக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்து அப்பா கேட்டார்: "டாக்டர், இது மூடலைங்கறீங்களா?"

"மூடுது. முழுசா மூடலை."

"சரி பண்ண?"

"சாதாரணமா மருந்துதான். இப்ப மருந்தும் தேவையில்ல. இதயம் பெருசாகலை. ஆறு மாசத்துக்கு ஒருதரம் கொண்டு வாங்க. எடையைக் குறைங்க. தினம் ராத்திரி தூங்கும்போது மூச்சை எண்ணுங்க. நிமிஷத்துக்கு முப்பதுக்குள்ள இருந்தா நல்லது. தொடர்ந்து மேல போச்சுன்னா உடனே வரணும். நுரையீரல்ல நீர் கோக்குதுன்னு அர்த்தம்."

திரும்புகிற வழியில் அப்பா பேசவே இல்லை. சுங்குவார்சத்திரம் தாண்டியதும், "எண்றதுதானே, எண்ணிடலாம்" என்றார்.

மறுவாரம் போனபோது மேஜையில் ஒரு நீள நோட்டு. சிவப்புத் துணி அட்டை. கடைகளில் கணக்கு எழுதுகிற பேரேடு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'சார்'. தேதி, மணி, மூச்சு, எடை, குறிப்பு என்று கோடு போட்டிருந்தார். '22-10. இரவு 9.30. மூச்சு 19. எடை 8.900. குறிப்பு: இல்லை.' ஒரு நாள்கூட விடவில்லை. அடித்தல் திருத்தல் கிடையாது. கணக்குப்பிள்ளைக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது.

2025 ஜனவரி எக்கோவில் இதயம் பெரிதாகியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். பிமோபெண்டன். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இதயம் பெரிதாகிய, ஆனால் மூச்சுத் திணறல் வராத கட்டத்திலேயே இந்த மருந்தைத் தொடங்கினால், திணறல் வருவது சராசரியாகப் பதினைந்து மாசம் தள்ளிப்போகிறது என்று 2016ல் ஒரு பெரிய ஆய்வு சொல்லியிருக்கிறது. பதினைந்து மாசம் என்பது கேட்கச் சின்ன எண்தான். எட்டு வயசு வரை இருக்குமா என்று கவலைப்படுகிற வீட்டில் அது சின்னதில்லை.

மாத்திரை எங்களுக்குச் சென்னையில்தான் சுலபமாகக் கிடைக்கிறது. கூரியரில் அனுப்பலாம். நானே கொண்டுபோகிறேன். இப்போது மறுபடி வாரா வாரம் சனிக்கிழமை காஞ்சிபுரம். போகாமல் இருப்பதற்காக வாங்கிய நாய்தான் என்னைப் போகவைத்துக்கொண்டிருக்கிறது. இதை நான் சொல்லாமலே அப்பாவுக்குத் தெரியும். ஒருநாள் மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டே, "ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து வாங்கிடாத" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

*

போன மாசம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சார் அப்பா மடியில். அப்பா எண்பதைத் தாண்டிவிட்டார். பி.பி. மாத்திரை அவருக்கும் காலை ஒன்று, இரவு ஒன்று.

"எனக்கு முன்னாடி இது போயிட்டா நான் பார்த்துக்குவேன்" என்றார். "நான் முன்னாடி போயிட்டா?"

"என்னப்பா பேச்சு இது..."

"கணக்குல ரெண்டு பக்கமும் எழுதணும்டா. சொல்லு."

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "நம்ம வீட்டுக்குத்தான் மாமா வரும். நோட்டையும் குடுத்துட்டுப் போங்க." அப்பா தலையை ஆட்டினார். உள்ளே போய்ப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதினார்.

வயசான அப்பா அம்மாவுக்கு நாய் வாங்கித் தர நினைப்பவர்கள் இந்தக் கடைசிப் பக்கத்தை முதலிலேயே எழுதிவிடவேண்டும். அவர்களுக்குப் பிறகு அது யார் வீட்டுக்குப் போகும் என்று பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இந்த இனத்தை வாங்கலாமா என்று கேட்கிறீர்களா? சாரை யாராவது ஒரு லட்சம் கொடுத்துக் கேட்டாலும் நான் தரமாட்டேன். இன்னொன்று வாங்கவும் மாட்டேன். உங்களுக்கு அப்படியும் வேண்டுமென்றால், பெற்றோரின் இதயச் சான்றிதழ் இல்லாமல் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். பகல் பூரா பூட்டிக்கிடக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். தனியாக இருக்கத் தெரியாத ஜீவன் அது. துணைதான் வேண்டும், பெயர் முக்கியமில்லை என்றால் சென்னையில் புளூ கிராஸ் மாதிரி இடங்களில் எத்தனையோ குட்டிகள் இருக்கின்றன. எங்கள் தெருமுனையில் ஒரு செவலை நாய், பன்னிரண்டு வருஷமாக நிற்கிறது. தடுப்பூசியைத் தவிர ஒரு மருந்து அறியாதது. சாரோடு அப்பா நடந்துபோகும்போது அது பின்னாலேயே வந்து வீடு வரை விட்டுவிட்டுப் போகும். கூடவே இருப்பதற்கு ராஜ வம்சம் தேவையில்லை.

தினம் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு எனக்கு ஒரு போன் வரும். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. முதலில் ஒரு எண். நேற்று கொஞ்சம் லேட். பத்து மணியாகியும் வரவில்லை. நானே போடலாமா என்று கையில் போனை எடுத்துவிட்டேன். பத்து ஆறுக்கு அடித்தது.

"இருபத்து நாலு" என்றார் அப்பா. "கரண்ட் போயிடுச்சு. டார்ச் வச்சு எண்ணினேன். நீ சாப்பிட்டியா?"